கள்ளச்சாவி இரண்டாம் பாகம்

ராஜதாஸுக்கும் லேகாவுக்கும் கல்யாணம் பதிவாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அவருக்கு ஐம்பத்திமூன்று வயது, அவளுக்கு நாற்பத்தாறு. அவருடைய முதல் மனைவி ஷைலஜா இறந்து ஐந்து வருடம். குழந்தைகள் இல்லை. லேகாவுக்கு இதுதான் முதல் கல்யாணம். பதினேழு வருடம் சவுதியில் நர்ஸாக இருந்துவிட்டு, படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தாள். அவர் காலமான பிறகு நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கொல்லயில் ஊரில் இருந்த வீட்டில் இருவரும் ரயிலுக்குக் காத்திருக்கும் பயணிகளைப் போல மரியாதையாக நடந்துகொண்டார்கள். அவர் அவளை நீ என்றும் கூப்பிடவில்லை, நீங்கள் என்றும் கூப்பிடவில்லை. "சாப்பிட்டாச்சா?" "டூட்டி உண்டா?" என்று ஆளில்லாத கேள்விகளாகக் கேட்டார். அவளும் "ஆச்சு", "உண்டு" என்று முடித்துக்கொள்வாள். மீன்குழம்பு நன்றாக இருக்கும். அதை எப்படிச் சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள் அவள் தட்டைக் கழுவப் போயிருப்பாள்.

ராஜதாஸ் பால் சங்கத்தில் பால் சோதிக்கிறவர். விடியற்காலையில் ஒவ்வொருவருடைய பாலையும் குழாயில் ஊற்றி, லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, கண்ணுக்கு நேரே பிடித்துப் படிப்பார். படித்த எண்ணைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார் என்று பெயர். அதனால் ஒரு சனிக்கிழமை காலை அவர் அஜீஷைத் தனியே கூப்பிட்டுப் பேசியபோது, தன் பாலில்தான் ஏதோ குறை என்று அஜீஷ் பயந்துபோனான். இரண்டு பசு வைத்திருந்த அவன் வாரம் தவறாமல் சினிமா பார்க்கிறவன்.

"எலே அஜீஷே, இப்ப தியேட்டர்ல சிரிக்குத மாதிரி படம் வல்லதும் உண்டா?"

"உண்டு அண்ணா. கள்ளச்சாவி ரெண்டாம் பார்ட். சிரிச்சு சிரிச்சு வயிறு நோவும். முதல் பார்ட்ட நான் நாலு மட்டம் பாத்தவனாக்கும்."

யாரோடு போகப்போகிறார் என்று அஜீஷ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு படம் சொல்லியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு நெய்யாற்றின்கரைக்குப் போனார்கள். லேகா அந்த வாரம் முழுக்க இரவு டூட்டி பார்த்து, அன்று காலைதான் திரும்பியிருந்தாள். தூங்கட்டும் என்று அவர் நினைத்தார். "சினிமாக்கா? வாறேன்" என்று அவள் உடனே புடவை மாற்ற எழுந்ததில் அவருக்கே ஆச்சரியம். தியேட்டர் வாசலில் கூட்டத்துக்கு நடுவே சுவரொட்டியை அவர் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு பெரிய சாவியும், ஒரு கட்டிலும், கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த எட்டுக் கால்களும் அதில் இருந்தன.

படம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் ராஜதாஸுக்கு விஷயம் புரிந்தது. ஒரு லாட்ஜ். எல்லா அறைக்கும் ஒரே கள்ளச்சாவி. யார் அறையில் யார் நுழைகிறார்கள் என்பதுதான் கதை. ஒரு வசனம்கூட ஒற்றை அர்த்தத்தோடு வரவில்லை. பின்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். நடு வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்த ஒருவர், பிள்ளைகளின் கண்ணை இரண்டு கையாலும் பொத்தியபடி எழுந்து வெளியே போனார். அவர் மனைவி "நல்ல படமாக்கும் கொண்டு வந்தது" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். ராஜதாஸுக்கு அந்த வசை தனக்கும் சேர்த்து வந்ததாகப் பட்டது. காது சூடாகியது.

"போவோம்" என்றார் தலையைத் திருப்பாமல். "எனக்கு அறியாது... இப்பிடிப்பட்ட படம்ண்ணு."

"இருங்க" என்றாள் லேகா. அவள் குரலில் ஏதோ நடுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து பார்த்தார். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் லாட்ஜ் மேனேஜர் ஒருவனைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தான். பிறகு இரண்டாமவன். பிறகு மூன்றாமவன். நான்காவதாக ஓடிவந்தவன் குனிந்து பார்க்க, உள்ளேயிருந்து ஒரு குரல் பஸ் கண்டக்டர் மாதிரி, "கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கப்பா, ஆள் ஏறட்டும்" என்றது. லேகாவின் தலைப்பு வாயிலிருந்து நழுவியது. அவள் சிரிப்பு இப்படித்தான் இருக்கும் என்று ராஜதாஸுக்கு அதுவரை தெரியாது. முதலில் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கும். பிறகு மூச்சு வாங்கும்போது ஒரு சின்னக் கேவல். அதைக் கேட்டு அவருக்கும் உதடு துடித்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் சிரித்த சிரிப்பில் நாற்காலியே கிறீச்சிட்டது. ராஜதாஸ் கட்டியிருந்த கையை மெல்ல அவிழ்த்தார், சாய்ந்து உட்கார்ந்தார், நன்றாகவே சிரிக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. ஜன்னலிலிருந்து குதித்த கதாநாயகன் முதுகு ஒடிந்து வார்டில் கிடக்கிறான். எந்த ஆஸ்பத்திரியிலும் காணமுடியாத குட்டை உடுப்போடு ஒரு நர்ஸ் வருகிறாள். அவன் மணியை அடித்துக்கொண்டே இருக்கிறான், அவள் வந்துகொண்டே இருக்கிறாள். பக்கத்துப் படுக்கைக் கிழவனும் மணி அடிக்கிறான். அவன் இளித்துக்கொண்டே சொன்ன ஒரு வசனத்துக்குத் தியேட்டரே அதிர்ந்தது. ராஜதாஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்தபடியே, அவளும் சிரிக்கிறாளா என்று பார்க்கத் திரும்பினார்.

லேகா சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

இடைவேளையில் வெளியே டீக்கடைப் பக்கம் ஒரே வாக்குவாதம். முதல் பாகம்தான் படம், இது வெறும் காசுக்கு எடுத்தது என்றான் ஒருவன். அதில் இந்த அளவுக்குப் பச்சையாக இல்லை என்றான் இன்னொருவன். பச்சை இல்லாமல் பார்க்க நீ கோயிலுக்குப் போ என்றான் மூன்றாமவன். ராஜதாஸ் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தபோது, முன்வரிசையில் சிரித்த அம்மாள் லேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூவார் கடற்கரைக்காரி, ப்ளோரன்ஸ். அவள் கணவர் நிக்கோலஸ் நெஞ்சுவலியோடு லேகாவின் வார்டில் கிடந்தவராம்.

"சிஸ்டரே, இதாரு, மாப்பிளையா? நல்லா இருங்க மக்கா. படம் எப்பிடி? எனக்கு முதல் பார்ட்டுதான் கூட இஷ்டம். எண்ணாலும் அந்தக் கட்டில் சீன் உண்டுல்லா..." சொல்ல வந்ததை முடிக்காமல் அவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள்.

ராஜதாஸ் நிக்கோலஸிடம் மரியாதைக்கு, "ஒங்களுக்குப் பிடிச்சுதா?" என்று கேட்டார்.

"எனக்குக் காது பத்தாது" என்றார் நிக்கோலஸ். "பாதியும் மனசிலாவாது. கடல்ல இருந்து வந்தா இவ சிரிக்குதத பாக்கணும். அதுக்காக்கும் வாறேன்."

அவர்கள் கடலை வாங்கப் போனார்கள். லேகா டீயை வாங்கிக்கொண்டு மதிலோரம் நிழலுக்குப் போனாள். ராஜதாஸ் பின்னால் போய் நின்றார்.

"அந்த ஆஸ்பத்திரி சீனுக்கு நான் சிரிச்சேன்" என்றார்.

"எல்லாரும்தான் சிரிச்சாங்க."

"எல்லாரும் ஒன்னக் கல்யாணம் கெட்டல்லியே. நான்தானே கெட்டுனேன்."

அவள் டீயை ஊதினாள். பிறகு சொன்னாள்: "முப்பது வயசில ஒரு கல்யாண ஆலோசனை வந்துது. லீவுக்கு வந்திருந்தேன். மாப்பிளை வீட்டில எல்லாருக்கும் பிடிச்சுது. நானும் அவரும் தனியா பேசணும்ண்ணு ரூமில விட்டாங்க. அவரு சிரிச்சுட்டே கேட்டாரு, நைட் டூட்டியில டாக்டருமாரும் கூட இருப்பாங்களாண்ணு. இந்தக் கெழவன் இப்ப சிரிச்சான்லா, அதே மாதிரி. நான் அம்மைட்ட வேண்டாம்ண்ணு சொன்னேன். ஏன்ண்ணு சொல்லல்ல. பின்ன வந்ததுக்கும் வேண்டாம்ண்ணேன். எனக்கு அகங்காரம்ண்ணு ஊரில பேச்சு."

ஷைலஜாவைப் பற்றி இந்த மூன்று வாரத்தில் ராஜதாஸ் ஒரு சொல்லும் சொன்னதில்லை. லேகாவும் கேட்டதில்லை. இப்போது, தியேட்டர் மதிலோரத்தில், கையில் காகித டம்ளரோடு அவர் சொன்னார்:

"ஷைலஜா நாப்பது நாளு ஆஸ்பத்திரியில கெடந்தா. கடைசியில கையத் தூக்க ஒக்காது. எனக்கு அவளுக்கத் தலைமுடியச் சிக்கு எடுக்கத் தெரியாது. வலிக்கும்ண்ணு பயம். ஒரு நர்ஸு தெனமும் டூட்டி முடிஞ்ச பெறகு வந்து, எண்ணெ தேச்சு, சீவி, ரெண்டா பின்னி விடுவா. ஸ்கூல் பிள்ளைக்குப் பின்னுத மாதிரி. ஷைலஜா கண்ணாடி கேப்பா. அந்த நர்ஸுக்க பேருகூட நான் கேக்கல்ல. இதெல்லாம் அறிஞ்ச ஒருத்தன், எப்பிடி தொடையில தட்டிச் சிரிச்சேன்?"

அவர் கண்ணைத் துடைக்கவில்லை. மதிலில் ஒட்டியிருந்த கிழிந்த சுவரொட்டியையே பார்த்தார். லேகா அவருடைய டம்ளரை வாங்கி, தன்னுடையதற்குள் செருகி, தொட்டியில் போட்டாள்.

"நானும் அத்தறைக்கு நல்லவ இல்ல" என்றாள். "அதுக்கு முந்தி, அந்த லாட்ஜில துணி அலக்குத பெரிய ஒடம்புக்காரி வழுக்கி விழுந்தால்லா, அதுக்கு நான் எத்தற சிரிச்சேன். அலக்குதவ ஒருத்தி பக்கத்தில இருந்திருந்தா என்ன நெனச்சிருப்பா?"

மணி அடித்தது. கூட்டம் உள்ளே போகத் தொடங்கியது.

"வீட்டுக்குப் போவோமா?" என்று கேட்டார்.

"அதெப்பிடி? கட்டிலுக்கடியில நாலு பேரு கெடக்குதாங்க. அவங்கள விட்டுட்டா?" லேகா முன்னால் நடந்தாள்.

இரண்டாம் பாதி மோசம். லாட்ஜை விட்டுக் கதை எங்கெங்கோ போனது. ஒரு பாட்டுக்குப் பின்வரிசைப் பையன்களே கூச்சலிட்டு எழுந்து போனார்கள். ராஜதாஸ் ஏதோ சொல்லத் திரும்பியபோது, லேகாவின் தலை மெல்ல ஆடி, அவருடைய தோளில் வந்து சாய்ந்தது. ஒரு வார இரவு டூட்டியின் தூக்கம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளில் அவள் அவர்மேல் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு அவர் படம் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது, கண் திரையில்தான் இருந்தது. தோள் மரத்துப் போனது. ஒரு இடத்தில், மேனேஜர் தன் சாவியைத் தானே விழுங்கிவிட்டு விக்கலெடுத்துக்கொண்டு ஓடினான். ஒவ்வொரு விக்கலுக்கும் ஒரு கதவு திறந்தது. ராஜதாஸுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. சிரித்தால் தோள் குலுங்கும். அவர் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டார். பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் கை வரவில்லை. முன்வரிசையில் ப்ளோரன்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நிக்கோலஸ் திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்ததும் லேகா திடுக்கிட்டு எழுந்து முகத்தைத் துடைத்தாள். "ஐயோ, உறங்கிட்டனா? எழுப்பக்கூடாதா?"

"படம் கொள்ளாது, மோசம்" என்றார் ராஜதாஸ். அவரால் வலது கையைத் தூக்க முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது அவள் அதைக் கவனித்து, ஒன்றும் கேட்காமல், வார்டில் நோயாளிக்குச் செய்வதுபோல் தோளிலிருந்து முழங்கைவரை அழுத்திப் பிடித்துவிட்டாள். பஸ்ஸில் ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவர் இருந்தார்.

மறுநாள் காலை பால் சங்கத்தில் அஜீஷ் வெளிறிப்போய் நின்றான். யாரோ அவர்களைத் தியேட்டரில் பார்த்திருந்தார்கள்.

"அண்ணா, சத்தியமாட்டு எனக்கு அறியாது. அக்காவக் கூட்டிட்டுப் போவியண்ணு நான் நெனைக்கல்ல."

வரிசையில் நின்ற விஜயம்மா விடவில்லை. "இந்த மாதிரி படத்த எடுக்குதவன அடிக்கணும். பாக்குதவன அதுக்கு முந்தி அடிக்கணும்." பின்னால் நின்ற சிஜு, "முதல் பார்ட் பாத்ததா நீங்களே சொன்னீங்களே" என்றான். "அது டிவியில போட்டான், நான் என்ன செய்யட்டு?" என்றாள் விஜயம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

"நீங்க சொல்லுங்க அண்ணா, படம் எப்பிடி?" என்றான் சிஜு.

ராஜதாஸ் லாக்டோமீட்டரைப் பாலில் இறக்கினார். வழக்கம்போல் எண்ணை மட்டும் சொல்வார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"சிரிச்சேன். ஒரு எடத்தில சிரிச்சிருக்கப்பிடாது, அங்கயும் சிரிச்சேன். பிந்தின பாதியில சிரிப்பு வந்துது, சிரிக்கல்ல."

"அதென்ன அண்ணா?"

"அவ உறங்கிட்டிருந்தா."

விஜயம்மா தன் பால் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் லேகா காலை டூட்டிக்குச் சாலையோரமாக வேகமாக நடந்து வந்தாள். தோளில் பை, கையில் சாப்பாட்டுப் பாத்திரம். சங்கத்தைத் தாண்டும்போது உள்ளே பார்த்துத் தலையசைத்தாள்.

ராஜதாஸ் லாக்டோமீட்டரைத் துடைத்து அஜீஷ் கையில் கொடுத்தார்.

"இதப் பிடி. நான் பஸ் ஏத்தி விட்டுட்டு வாறேன்."

"அண்ணா, ஆளுங்க நிக்குதாங்க..."

"நிக்கட்டும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் சாலையில் இறங்கினார். "லேகா, நில்லு" என்று கூப்பிட்ட குரல் வரிசையின் கடைசிவரைக்கும் கேட்டது.