ஒரு மாணவர், ஒரு தாய்

மாங்குளம் சந்தியில் பஸ் நேரே கிளிநொச்சிக்குப் போகாமல் வலப்பக்கம் திரும்பியபோது யதுர்ஷிகா யன்னலால் எட்டிப் பார்த்தாள். உருத்திரபுரத்துக்குத்தான் போகிறோம் என்று வெளிக்கிட்ட நேரம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த றோட்டில் போனால் ஒட்டுசுட்டான் வரும். அதற்கப்பால் முள்ளியவளை. அதையும் தாண்டினால் அவளுடைய வீடே வந்துவிடும்.

முன் ஆசனத்தில் இருந்து கலாநிதி விஜிதரன் எழுந்தார். ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று பேசுவது அவருடைய பழக்கம். ஒலிவாங்கி இல்லாத இடத்திலும் அதைப் பிடித்திருக்கிற மாதிரிக் கையைச் சுருட்டி வாய்க்குக் கிட்ட வைத்துக்கொள்வார்.

"பிள்ளையள், ஒரு சின்ன மாற்றம். உருத்திரபுரத்தில ஏற்கனவே மூண்டு நிறுவனங்கள் பங்காளித்துவம் செய்யினமாம். எங்களுக்கு இடமில்லை. ஆனா நல்ல காலம், வேற ஒரு சமூகம் கிடைச்சிருக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்காத சமூகம்."

காட்டுக்குள் பழுத்த பாலைமரத்தைக் கண்டவர் போல அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

பாடத்தின் பெயர் சமூகப் பங்காளித்துவக் கற்கை. அதற்காக அவர் தாமே யோசித்து உருவாக்கிய திட்டத்தின் பெயர் 'ஒரு மாணவர், ஒரு தாய்'. பிள்ளைகள் கிட்ட இல்லாத தாய்மாருக்கு ஆளுக்கொரு மாணவர் கையளிக்கப்படுவார். அந்த மாணவர் சனிக்கிழமைகளில் வந்து வேலி அடைத்து, தோட்டம் கொத்தி, ஆறுதலாகக் கதைத்துவிட்டுப் போகவேண்டும். வேலிக்கும் புள்ளி உண்டு, கதைக்கும் புள்ளி உண்டு. இதற்குப் பிள்ளைகளின் மனதைத் தயார்ப்படுத்தும் பட்டறை என்று இரண்டு மாதத்துச் சனிக்கிழமைகளையும் அவரே எடுத்துக்கொண்டார். அதனால் இரண்டு மாதமாக யதுர்ஷிகா வீட்டுப் பக்கம் போகவில்லை.

"முக்கியமான விதி ஒண்டு," என்றார் விஜிதரன். "சொந்தக்காரர் இருக்கிற ஊரில ஒருத்தரும் வேலை செய்யக் கூடாது. அப்பிடி ஆராவது இருந்தா இப்பவே சொல்லுங்கோ. அடுத்த வருஷம் புதுசாச் செய்யலாம்."

"அது ஏன் சேர்?" என்று கேட்டான் யாழ்ப்பாணத்து சாருஜன்.

"சொந்தத் தாய்க்குச் செய்யிறது சேவை இல்லைத் தம்பி, கடமை. கடமைக்கு மாக்ஸ் போட ஏலாது."

பஸ்ஸில் பாதிப்பேர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

எழும்பப் போன யதுர்ஷிகா மறுபடி இருந்துவிட்டாள். இது இறுதி வருடம். இந்த ஒரு பாடம் தவறினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். கச்சான் கடலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்று அவளைப் படிப்பிக்கிற அம்மாவுக்கு அது இன்னும் ஒரு வருட வெயில். ஊர்கள் ஆயிரம் இருக்கு, எங்கட ஊராய்த்தான் இருக்கவேணுமா என்று மனதைத் தேற்றினாள். பஸ் அவள் படித்த பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. பிறகு அவள் தண்ணீர் அள்ளிய பொதுக்கிணற்றடியில் திரும்பி, பொதுநோக்கு மண்டபத்து வாசலில் நின்றது.

மண்டபத்துக்குள் சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரைகளில் தாய்மார் வரிசையாக இருந்தார்கள். முன்வரிசையில், பொங்கலுக்குக் கட்டுகிற நீலச் சேலையோடு, ராஜினி. அவளுடைய அம்மா.

அம்மா அவளைப் பார்த்தாள். நிற்காமல் போகிற பஸ்ஸைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யதுர்ஷிகா வாசலில் செருப்பைக் கழற்றினாள். அங்கே பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டுப் பிரேமிளா. பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலத்தில் இவளுக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிட்டவள். அவள் ஒரு கூச்சமும் இல்லாமல், "வாங்கோ தங்கச்சி, பேரென்ன?" என்று கேட்டாள்.

யதுர்ஷிகா மறுபடி அம்மா இருந்த பக்கம் பார்த்தாள். அதற்குள் மாதர் சங்கத் தலைவி கௌசலா சந்தனம் பூசுகிற சாட்டில் கிட்ட வந்தாள்.

"வாயைத் திறந்திடாத பிள்ளை," என்று காதுக்குள் சொன்னாள். "சொந்தக்காரர் கூடாதெண்டு உங்கட சேர் இண்டைக்குக் காலமைதான் போனில சொல்லுறார். எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன், உன்னைத் தெரியாதெண்டு. அதுபோக, பிள்ளை கிட்ட இல்லாத தாய்மாரா வேணும் எண்டா நான் எங்க போய்ப் பிடிக்கிறது? இதில பாதிப்பேரின்ர பிள்ளையள் பக்கத்துக் காணியிலதான் இருக்குதுகள். இண்டைக்கு மட்டும் கோயிலடிக்குக் கலைச்சு விட்டிருக்கிறன்."

விளக்கேற்றினார்கள். விஜிதரன் பேசினார். கல்வி நான்கு சுவருக்குள் இல்லை என்றார், அதை நான்கு சுவருக்குள் நெடுநேரம் நின்று சொன்னார். பிறகு ஒரு பித்தளைச் செம்பில் தாய்மாரின் பெயர்களைச் சுருட்டிப் போட்டுக் குலுக்கினார்கள். மாணவர் ஒவ்வொருவராக வந்து ஒரு தாயை எடுக்கவேண்டும்.

யதுர்ஷிகாவுக்குப் பிரேமிளா விழுந்தாள்.

சாருஜன் துண்டை விரித்து, "ராஜினி அம்மா," என்று வாசித்தான். பட்டறையில் பழக்கியபடி குனிந்து காலைத் தொட்டான். ராஜினி அவனுடைய தலையில் கை வைத்து, இத்தனை வருடமாகியும் மாறாத தன் மலையகப் பேச்சில், "நல்லாயிரு புள்ள," என்றாள். கமரா மின்னியது. சபை கை தட்டியது. யதுர்ஷிகாவும் தட்டினாள். தட்டுகிறது தன் கைதான் என்பது அவளுக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

பிரேமிளாவின் காணிக்கும் ராஜினியின் காணிக்கும் நடுவில் ஒரே எல்லைதான். மாடு விழுத்திய பழைய வேலி அங்கே சரிந்து கிடந்தது. இந்தப் பக்கம் யதுர்ஷிகா வேலித்தடியாகக் கதியால் நட்டாள். அந்தப் பக்கம் சாருஜன் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கைப் பேனை பிடிப்பது போலப் பிடித்து நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கையில் கொப்புளம் பொங்கித் தண்ணீர் குடிக்கப் போனான்.

ராஜினி தேத்தண்ணிக் கோப்பையோடு எல்லைக்கு வந்தாள்.

"ஏனம்மா பேர் குடுத்தனீங்கள்?" யதுர்ஷிகா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"மழைக்கு முந்தி வந்து வேலி அடைச்சுத் தாறேன்னு நீதானே சொன்ன. வரல்ல. கேட்டா சனிக்கிழமை கிளாஸ்னு சொன்ன. கம்பஸ்ல இருந்து வீட்டுக்கு ஒரு புள்ள வரும்னு கௌசலா சொன்னா. எந்தக் கம்பஸ்னு கேட்டேன். ஒன் கம்பஸ்தான்னு சொன்னா. அதான் பேரைக் குடுத்தேன்."

"என்னை அனுப்புவினம் எண்டோ?"

"அப்படித்தான் நெனச்சேன்."

யதுர்ஷிகா கதியாலை விட்டு நிமிர்ந்தாள். "பிறகேன் மண்டபத்தில முகத்தைத் திருப்பினனீங்கள்?"

"பார்த்தா அழுதிருப்பேன். அழுதா ஒன் படிப்பு போயிரும்னு கௌசலா சொன்னா. தேத்தண்ணி ஆறுது, குடி."

அந்த நேரம் பார்த்து விஜிதரன் கௌசலாவோடும் மாணவர் பட்டாளத்தோடும் வந்தார். கோலில் பூட்டிய போனை ராஜினியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அம்மா, உங்களுக்குச் சொந்தப் பிள்ளையள் இருக்கினமோ?"

"ஒரு பொண்ணு சேர். கம்பஸ்ல படிக்குது."

"அப்ப ஏன் உங்களை வந்து பாக்கிறேல்ல?"

"சனிக்கிழமையில சமூக சேவை படிக்குதாம் சேர்."

விஜிதரன் போனைத் தாழ்த்திவிட்டு மாணவர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? பெத்த தாய் வேலியில்லாமல் கிடக்கிறா. மகள் எங்கயோ இருந்து சமூக சேவை படிக்கிறாவாம்! எந்தக் கம்பஸோ, ஆர் படிப்பிக்கினமோ! அந்தப் பிள்ளைக்கு நெஞ்சில ஈரம் எண்டு ஒண்டு இருக்குமோ?"

யதுர்ஷிகாவின் கையில் இருந்த கோப்பை கீழே விழுந்தது.

"அந்தப் பிள்ளை நான்தான் சேர். இவா என்ர அம்மா."

கௌசலா தலையில் கை வைத்தாள். தண்ணீர்ப் போத்தலோடு வந்த சாருஜன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஐயோ சேர், இந்தப் புள்ள ஆருன்னே எனக்குத் தெரியாது!" ராஜினியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலால் எழுந்தது. "வெயில்ல நின்னுச்சு பாவம். தலை சுத்தியிருக்கும்."

"ஓம் சேர், நாங்களும் இண்டைக்குத்தான் காணுறம்," என்றாள் பிரேமிளா.

யதுர்ஷிகா அம்மாவைப் பார்த்தாள். தன்னைப் பெற்றவள் தன்னைத் தெரியாது என்று இவ்வளவு தெளிவாக, இவ்வளவு சத்தமாகச் சொல்லக்கூடும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அம்மாவின் கண் மட்டும் கெஞ்சியது.

விஜிதரன் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன.

"பிள்ளையள், இதைத்தான் நான் பட்டறையில சொன்னனான்! ஒரே நாளில ஒரு மாணவி சமூகத்துத் தாயைத் தன்ர தாயாகவே உணர்ந்திட்டா. அதுவும் தனக்கு விழாத தாயை! முழு மாக்ஸ். இதுக்கு முழு மாக்ஸ் போடாட்டி வேற எதுக்குப் போடுறது?"

"இல்லை சேர், உண்மையா…"

"அந்த உணர்ச்சிதான் வேணும்! அப்பிடியே நில்லுங்கோ. இன்னொருக்காச் சொல்லுங்கோ, வீடியோவுக்கு. அம்மா, நீங்களும் கிட்ட வாங்கோ. தோளில கையைப் போடுங்கோ."

ராஜினி சரிந்த வேலியைக் கடந்து வந்தாள். கையை மகளின் தோளில் போட்டாள். "சொல்லு புள்ள," என்றாள், உதடு அசையாமல்.

"இவா என்ர அம்மா," என்றாள் யதுர்ஷிகா.

எல்லோரும் கை தட்டினார்கள். விஜிதரன் போனைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "நல்லம். ஆனா முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் சந்தோசமாச் சொல்லுங்கோ."

மறுபடி சொன்னாள். இந்த முறை எங்கேயோ ஒரு ட்ரக்டர் சத்தம் போட்டுக் குழப்பியது. அவர் கையைச் சுருட்டி வாய்க்குக் கிட்ட வைத்து, சரி, இது போதும், அடுத்த வளவுக்குப் போவோம் என்றார்.

ராஜினி கையை எடுக்கவில்லை.

"சேர்," என்றாள். "சரியா வரல்லன்னா இன்னொருக்கா எடுங்க."