யூரியா இல்லாத பதினெட்டு நாட்கள்

பிஸ்கட் ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் பசி உண்டு. ஆலையிலிருந்து வரும் சர்க்கரையும் மாவும் அவற்றுக்கு ஆற்றலைத் தருகின்றன. குழாய்வழி ஊதப்படும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த ஆற்றலைப் பெற உதவுகிறது. ஆனால் உடல் வளர நைட்ரஜன் தேவை. அது சர்க்கரையில் கிடையாது. ஆகவேதான் தினமும் காலையில் இரண்டு வாளி யூரியாவைக் கரைத்து ஊற்றும் வழக்கம் அங்கே இருந்தது.

அந்த வழக்கத்தை நிறுத்தியவர் தொட்டியின் மூத்த பணியாளர். நாற்பத்தொன்பது வயதில் அஞ்சல்வழிப் படிப்பில் தேறியவர். சக பணியாளர்கள் "புரொபசர்" என்று கேலி செய்ததை அவர் பட்டமாகவே சூடிக்கொண்டார். யூரியா ஊற்றுபவன் அவருடைய மனைவியின் தம்பி; அடுத்த மாதம் அவன் பணி நிரந்தரமாகவிருந்தது.

"காத்துல அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன் மாப்ள. நாள் முழுக்கக் காத்தத்தானே ஊதறோம்? சில நுண்ணுயிர் அதுலேர்ந்தே எடுத்துக்கும்னு புத்தகத்துலயே இருக்கு. யூரியாவ நிறுத்து."

"இதுங்க அந்தப் புத்தகத்தப் படிச்சிருக்குமா மாமா?"

"நக்கல் பண்ணாத. மேடம்கிட்ட இப்பச் சொல்லாத. ஒரு மாசம் கழிச்சு நானே சொல்றேன், அசந்து போயிடுவாங்க."

பதினெட்டாம் நாள் காலையில் மேலாளர் அம்மையார் ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் தொட்டி நீரை எடுத்து வைத்தார். அரை மணி நேரத்தில் சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்க வேண்டும். அன்றோ கொழகொழத்த பழுப்புக் கூழ் குடுவையின் கழுத்துவரை அப்படியே நின்றது.

"பதினெட்டு நாளா யூரியா மூட்டை ஒண்ணுகூடப் பிரிக்கலையே. என்ன ஆச்சு?"

மைத்துனன் ஒரு கணம் மாமாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "மறந்துட்டேன் மேடம்."

"பதினெட்டு நாளா? சோறு திங்க மறந்தீங்களா?" என்ற அம்மையார் திரும்பினார். "புரொபசர், இப்படி ஆனா என்னாகும்னு இவருக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

அவர் சொன்னார். நைட்ரஜன் குறைந்தால் நுண்ணுயிர்கள் பெருக இயலாமல் மிகுந்த சர்க்கரையைக் கொழகொழப்பான கூழாக வெளிவிடும் என்பதையும், கூழ் சூழ்ந்த சேறு படியாது என்பதையும் பிசிறின்றி விளக்கினார். வாக்கியங்கள் அழகாக வந்து விழுந்தன. அந்த அழகில் தம் மனம் ஒரு நொடி குளிர்ந்ததை அவரே உணர்ந்தார். உணர்ந்ததும் உடல் கூசிற்று.

"கேட்டுக்கிட்டீங்களா? மாமாகிட்டப் பாடம் கத்துக்கோங்க," என்று அம்மையார் பணி நிரந்தரமாவோரின் பட்டியலை விரித்துப் பேனாவை எடுத்தார்.

"மேடம், அவன் பேர அடிச்சிடாதீங்க. நிறுத்தச் சொன்னது நான்தான்."

"நீங்களா? ஏன்?"

காற்றின் கதையை அவர் சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே அம்மையார் குறுக்கிட்டார்.

"ஏதோ சில கிருமியாலதானே அது முடியும்? இந்தத் தொட்டில இருக்கறதுங்களால முடியாதே. புத்தகத்துல அது இல்லையா?"

"அடுத்த பக்கத்துல இருந்திருக்கும் மேடம். அது பரீட்சைக்கு இல்ல. நான் படிக்கல."

அம்மையார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் பேனாவை மூடினார். "தொட்டி தேறுற வரைக்கும் யூரியாவ நீங்களே ஊத்துங்க."

மூட்டையைப் பிரித்து வாளியில் கொட்டியபோதுதான் ஒன்று புரிந்தது: இத்தனை ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூட அதைக் கரைத்ததில்லை.

"எவ்வளவு தண்ணி மாப்ள?"

"முக்கால் வாளி. கலக்கும்போது ஜில்லுனு ஆகும், பயந்துடாதீங்க மாமா."

அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கலக்கினார். வாளி உண்மையிலேயே கையில் சில்லிட்டது. ஏன் என்று அவருக்குத் தெரியாது. ஊதும் இயந்திரத்தின் அருகிலிருந்து யாரோ "என்ன புரொபசர், சமையலா?" என்று கத்தினார்கள். முதன்முறையாக அவர் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.