கையில் வராத வாடகைக்கு வரி

வாழைச்சேனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லேமினேட்டிங், பாஸ்போர்ட் படம், இவற்றோடு வருமான வரி. கடைசியில் சொன்னதை நானாகத் தேடிப் போகவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு வங்கியில் வேலை செய்தவள் என்பதால் ஊர் அதை என் தலையில் கட்டிவிட்டது. பதினெட்டு வயது தாண்டிய எல்லோரும் வரிப் பதிவு இலக்கம் எடுக்க வேண்டும் என்று அறிவித்த அந்த மாதம், மாமாங்கக் கோயில் தீர்த்தத்தன்று அமிர்தகழியில் நிற்கிற கூட்டத்தில் பாதி என் கடை வாசலில் நின்றது.

ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு வந்தார்கள். நம்பர் எடுத்தால் அடுத்த கிழமையே வந்து டிவியைத் தூக்குவார்களா? கட்டாரிலிருந்து மனிசன் அனுப்புகிற காசைச் சொல்ல வேண்டுமா, அல்லது கட்டாரே சொல்லிவிடுமா? சீட்டுக் காசு வருமானமா, சேமிப்பா, தலையிடியா? நம்பர் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு, வருஷ வருமானம் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால்தான் வரி என்று ஒரு நாளைக்கு அறுபது தடவை சொன்னேன். அறுபது பேரும் தலையாட்டிவிட்டு, அப்ப எனக்கு எவ்வளவு வரும் என்று கேட்டார்கள்.

நல்லரத்தினம் அண்ணனின் கேள்வி மட்டும் வேறு மாதிரி இருந்தது. துறைமுகத்தில் ஐஸ் விற்றே முன்னுக்கு வந்த மனிதர். ஓட்டமாவடிக்குப் போகிற வீதியில் மூன்று கடை அறைகளும், வங்கியில் நாற்பது லட்சம் நிலையான வைப்பும் அவருக்கு இருந்தன. இதையெல்லாம் அரசாங்கம் அவரிடம் கேட்டதில்லை, அவரும் அரசாங்கத்திடம் சொன்னதில்லை. இரண்டு தரப்புக்கும் இடையில் அப்படியொரு மரியாதையான உறவு நெடுங்காலம் நிலவியது. அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கடை ஒருவர் பேரில் இருக்கிறது, வரி யாருக்கு என்று கேட்டார். எனக்குப் பின்னால் போட்டோக்கொப்பி மெஷின் கடதாசியை மென்றுகொண்டிருந்தது. யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு கிழமைக்குள் அவர் நொத்தாரிசிடம் போய் மூன்று கடைகளையும் மகள் தனுஷாவின் பேருக்கு உறுதிப் பத்திரம் எழுதிவிட்டார். வைப்பையும் அவள் பேருக்கு மாற்றினார். ஊரே அவரைப் புகழ்ந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும், கலியாணம் கட்டுகிறவன் அவள் வீட்டுக்கு வந்து இருப்பான். ஆனால் மற்றவர்கள் கலியாணம் பேசி முடித்துத்தான் எழுதுவார்கள், இவர் மாப்பிள்ளை வருமுன்பே எழுதிவிட்டார், இவரல்லவோ தகப்பன் என்றார்கள். உறுதியை அவர் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வாடகையை முன்போலவே மாதம் ஐந்தாம் திகதி தானே போய் வாங்கினார். வைப்பு வட்டி விழுகிற கணக்கின் ஏடிஎம் கார்ட்டும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. பெண்ணுக்கு எழுதிய சொத்து, அவள் கலியாண நாள் வரைக்கும் தகப்பனுடையதுதான் என்பது இங்கே யாரும் எழுதி வைக்காத சட்டம். அதனால் யாருக்கும் இதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

தனுஷா வாகரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். காலை ஆறு மணிக்கு முன்னமே பஸ் பிடிக்க வேண்டும். ஒரு ஸ்கூட்டி வாங்குவதற்காக இரண்டு வருஷமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று கடைக்குச் சொந்தக்காரி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவள் சொந்தக்காரி என்று யாரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. சம்பந்தங்கள் வந்தன. தகப்பனுக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை. ஒருத்தனுக்குச் சம்பளம் காணாது. இன்னொருத்தனுக்குச் சம்பளம் கூட, நாளைக்குப் பிள்ளையைக் கனடாவுக்குக் கொண்டு போய்விடுவான். மூன்றாவது ஆளுக்கு எல்லாம் சரி, ஆனால் நடை சரியில்லை. அவள் கலியாணம் கட்டுகிற அன்றைக்கு வாடகை கைமாறும் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

வரியின் முதல் வருஷம் முடிந்தது. ரிட்டர்ன் அனுப்பக் கடைசித் திகதி நவம்பர் முப்பது. அதற்கு நாலு நாள் இருக்க, வரிக் கந்தோரிலிருந்து வந்த நினைவூட்டல் கடிதத்தோடு தனுஷா என் கடைக்கு வந்தாள். பின்னால் தகப்பன் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். அந்த மூன்று கடை அறைகளில் இரண்டை வாடகைக்கு எடுத்துத் துணி வியாபாரம் செய்கிற நிஸ்தார், ஏதோ பத்திரம் கொப்பி எடுக்க ஏற்கெனவே நின்றார். நான் கணக்குப் பார்த்தேன். அவள் சம்பளம் தனியே என்றால் எல்லைக்குள் நிற்கிறது. அதோடு வாடகையைச் சேர்த்து, சட்டம் தருகிற கால் பங்குக் கழிவையும் கழித்து, வட்டியையும் சேர்த்தால் எல்லையைத் தாண்டிவிடுகிறது. வங்கி ஏற்கெனவே பிடித்ததைக் கழித்தாலும் கிட்டத்தட்ட நாற்பத்தெட்டாயிரம் கட்ட வேண்டும். அவளுடைய ஒரு மாதச் சம்பளம் போல.

தனுஷா கடதாசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அக்கா, கையில வராத காசுக்கும் வரி கட்டணுமா?”

இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்ட கேள்விகளில் இது ஒன்றுதான் உண்மையான கேள்வி. எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை இதில் மாட்டிவிட்ட வசனம் என் வாயிலிருந்து போனதுதான்.

நல்லரத்தினம் அண்ணன் வெட்கப்படவில்லை, அவர் வழி தேடினார். கடைகள் பூட்டிக் கிடக்கின்றன என்று எழுதலாமே என்றார். நிஸ்தார் இதைக் கேட்டுவிட்டு, நான் அங்கதானே யாவாரம் செய்றன் என்று மெதுவாகச் சொன்னார். அவரும் வரி கட்டுகிறவர், தன் கணக்கில் வாடகையைச் செலவாகக் காட்டுகிறவர், குத்தகைப் பத்திரத்தில் தனுஷாவின் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்தை அவள் எப்போது போட்டாள் என்றே அவளுக்கு ஞாபகம் இல்லை. தகப்பன் நீட்டின கடதாசி எல்லாவற்றிலும் போட்டிருக்கிறாள். அடுத்ததாக அவர், மாமாங்கத் திருவிழாவில் தான் போட்ட தண்ணீர்ப் பந்தலின் செலவைக் கழிக்க முடியாதா என்றார். சர்பத் கொடுத்ததுக்குக் கழிவு இல்லை என்றேன். சாமி படத்தைவிடப் பெரிதாகத் தன் படம் போட்டு அடித்த பேனருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசியில், சரி, சம்பளத்திலிருந்து கட்டட்டும், அரசாங்க உத்தியோகம்தானே, ஸ்கூட்டியைப் பிறகு பார்க்கலாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தியாகம் தெரிந்தது. தியாகம் செய்கிற ஆள் தனுஷா, அனுபவிக்கிற குரல் அவருடையது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் சட்டம் பேசுவேன். இரண்டு வழி இருக்கிறது அண்ணன் என்றேன். பேர்தான் அவளுடையது, வருமானம் உங்களுடையது என்று நீங்கள் எழுதித் தரலாம். அப்போது வரி உங்களுக்கு வரும், ஆனால் இவ்வளவு காலமும் ஏன் ரிட்டர்ன் அனுப்பவில்லை என்று பழைய வருஷங்களையும் கேட்பார்கள். அல்லது எல்லாம் அவளுடையதுதான் என்றால் அவள் கட்டுவாள்.

பழைய வருஷங்கள் என்ற சொல்லுக்கு அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். கடையில் நின்ற ஐந்தாறு பேருக்கும் கேட்கக்கூடியதாகச் சொன்னார்.

“எல்லாம் அவட சொத்து, புள்ள. கடையும் அவட, வாடகையும் அவட, வட்டியும் அவட. எனக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல. மாமாங்கத்தானுக்கு முன்னால வேணுமெண்டாலும் சத்தியம் பண்ணுவன்.”

நிஸ்தார் கொப்பி எடுத்த கடதாசிகளை அடுக்குவதை நிறுத்திவிட்டார். தனுஷா தகப்பனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை தானாகவே சரியான விடையைச் சொன்னால் ஒரு டீச்சர் எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“அப்ப அந்தக் கார்ட்டத் தாங்க, அப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன். நிஸ்தார் வீதியைப் பார்த்தார். இத்தனை பேருக்கு முன்னால் தொடர்பு இல்லை என்று சொன்ன பொருளைச் சட்டைப் பைக்குள் வைத்திருக்க அவரால் முடியவில்லை. இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்தார். தனுஷா அதைத் தன் கைப்பையில் வைத்துவிட்டு, என்னிடம் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னாள். டிசம்பர் மாதம் தொடக்கம் மூன்று அறைகளின் வாடகையையும் கீழே காணும் கணக்கில் வைப்பிலிடவும். முதல் கொப்பியை நிஸ்தார் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஓம் டீச்சர், நமக்கு யாருக்குக் கட்டினாலும் ஒண்டுதான் என்றார். பொய், அவர் முகத்தில் நல்ல சந்தோஷம் இருந்தது.

வரியைக் கடைசித் திகதிக்கு முதல் நாள் அவள் அந்த வட்டிக் கணக்கிலிருந்தே கட்டினாள். தைப் பொங்கலுக்குப் பிறகு ஸ்கூட்டியில் வாகரைக்குப் போகத் தொடங்கினாள். ஊரின் கருத்து உடனே மாறியது. கலியாணத்துக்கு முன்னமே பெண்பிள்ளைக்கு எழுதினால் இப்படித்தான் நடக்கும், இவரல்லவோ மடையன் என்று முன்பு புகழ்ந்த அதே வாய்கள் பேசின. அவள் தகப்பனைக் கைவிடவில்லை. மாதம் ஐந்தாம் திகதி இருபத்தையாயிரம் அவர் கையில் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், கடையில் ஒருத்தரும் இல்லாத நேரமாகப் பார்த்து நல்லரத்தினம் அண்ணன் வந்தார். சேர்ட் கசங்கியிருந்தது. கதிரையை இழுக்காமல் விளிம்பில் இருந்தார். மகள் தருகிற காசுக்குத் தான் வரி கட்ட வேண்டுமா என்று கேட்டார். பிள்ளை தகப்பனுக்குச் செலவுக்குக் கொடுப்பதற்கு வரி இல்லை, பயப்படாதீர்கள் என்றேன். அவர் எழும்பவில்லை. குடையின் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“அவள் அத நிப்பாட்டாம இரிக்கிறத்துக்கு ஏதும் ஃபோம் இரிக்கா, புள்ள?”

நான் அவருக்காக ஒரு நக்கல் தயார் பண்ணி வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அது வரவில்லை.

“இல்ல அண்ணன்,” என்றேன். “இவ்வளவு நாளும் அவளுக்கும் அப்படி ஒரு ஃபோம் இரிக்கல்ல.”