அட்டையில் இருவர்

முதலாளியின் பதிப்பகத்தில் கதைக்கு முன்னால் அட்டை வந்துவிடும். நாலு மாதத்து நாவல்களின் அட்டைகளை ஒரே பெரிய தாளில் அச்சடித்து, வெட்டி, கட்டுக் கட்டாக அலமாரியில் ஏற்றிவிடுவார். அப்புறம்தான் எழுதுகிறவர்களைக் கூப்பிட்டு, "இதுக்குள்ள ஒரு கதையை வைங்க" என்பார். சட்டையைத் தைத்து வைத்துவிட்டு ஆளைத் தேடுகிற பிழைப்பு. வருஷக்கணக்காக அந்தச் சட்டைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவந்தவள் நம் நாவல்காரி.

காதல் கதை அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஒருவன், ஒருத்தி, நடுவில் ஒரு முட்டுக்கட்டை. கடைசி அத்தியாயத்தில் முட்டுக்கட்டை விலகும், அவன் வந்து நிற்பான், வாசகி கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கை அணைப்பாள்.

இந்த முறை அவள் அப்படி எழுதவில்லை. அக்காவை எழுதினாள்.

அக்கா, புருஷன் வீட்டை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தங்கையின் இரண்டறை வீட்டில்தான் இருக்கிறாள். கண் மருத்துவமனையில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று அப்போது எல்லாரிடமும் சொன்னாள். அந்த வீட்டில் மாடியே கிடையாது.

இப்போது அத்தான் அடிக்கடி போன் செய்கிறார். மாறிவிட்டாராம். உறவுக்காரர்களும் ஆளாளுக்கு வந்து ஓதிவிட்டுப் போகிறார்கள். அக்கா யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஆனால் போன் அடித்தால் பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போகிறாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று நாவல்காரிக்குப் பயம். நேரில் சொல்லிப் பிரயோஜனமில்லை. தங்கை சொல்லிக் கேட்கிற ஜென்மம் இல்லை அக்கா. ஆனால் தங்கை எழுதினால் ஒரு வரி விடாமல் படிப்பாள்.

"என் கதையைத்தானே எழுதுற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"யாரு சொன்னாக்கா?"

"உன் மூஞ்சி சொல்லுது. முடிவை மட்டும் இப்ப சொல்லிடாத. புத்தகமா வரட்டும், படிச்சுக்கறேன்."

முடிவில் கதைப்பெண் திரும்பிப் போகவில்லை. வாடகைக்கு ஓர் அறை பிடிக்கிறாள். தனியாகச் சாப்பிடுகிறாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பயமில்லாமல் தூங்குகிறாள். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பொய்யும் சொல்லாமல் எழுதிவிட்டோம் என்று நாவல்காரிக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதலாளி கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் எங்கம்மா?"

"எவன் சார்?"

அலமாரியிலிருந்து ஓர் அட்டையை உருவி மேஜைமேல் போட்டார். மஞ்சள் உடையில் ஒருத்தி. அவள் தோளில் முகம் புதைத்து ஒருத்தன். பின்னால் மழை.

"இவன்."

"இது காதல் கதை இல்ல சார், பொம்பளை கதை. காதல் கதைன்னா ரெண்டு பேரும் சேருவாங்களான்னு படிப்பாங்க. இதுல இவ என்ன ஆவாளோன்னு படிக்கணும். அவன் வந்தா என்ன, வராட்டி என்ன?"

"எனக்குப் புரியுதும்மா. காசு குடுத்து வாங்கறவளுக்குப் புரியணுமே. அட்டையில ஆம்பளையைக் காட்டிட்டு உள்ள தட்டு கழுவவிட்டா என்னைச் சும்மா விடுவாளா? வேற எங்கயாவது குடுத்துப் பாருங்க, நான் தடுக்கல."

மனுஷர் கெட்டவராக இருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். வேறு இடத்தில் அவள் ஏற்கெனவே கொடுத்துப் பார்த்துவிட்டாள். கனமான புத்தகங்கள் போடுகிற இடம். "நீங்க காதல் நாவல் எழுதறவங்கதானே?" என்று சிரித்து, பிரிக்காமலே திருப்பித் தந்துவிட்டார்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆனது கதை.

கடைசியில் பதிப்பகத்துப் பின்னறையில், புத்தகக் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்து அட்டைக்கு ஏற்ற புதிய கடைசி அத்தியாயத்தை எழுதினாள். ஒப்புக்குத்தான் எழுத நினைத்தாள். மோசமாக எழுதினால் இது அட்டைக்காக ஒட்டவைத்தது என்று அக்கா கண்டுபிடித்துவிடுவாள் என்று கணக்கு. ஆனால் பழகின கை கேட்குமா? புருஷன் மழையில் வந்து நிற்கிறான். ஒன்றும் பேசாமல் அவளுடைய கோணல் மணிக்கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு விம்முகிறான். எழுதும்போது நாவல்காரிக்கே அழுகை வந்துவிட்டது. பாழாய்ப்போன கை!

பழைய முடிவை அக்காவிடம் முதலில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். தோற்றுப்போனதை அக்காவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குள் அக்காவே பேருந்து நிலையத்துக் கடையில் புத்தகத்தைப் பார்த்து வாங்கிவிட்டாள்.

நாவல்காரி வீடு திரும்பியபோது அக்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"படிச்சிட்டேன்டி. இத்தனை நாள் நீ அவரை வெறுக்கறேன்னு நினைச்சேன். மாறுவார்னு உனக்கும் தோணியிருக்கே."

"ஐயோ அக்கா, அது அட்டைக்காக எழுதினது! அவங்க கேட்டாங்கன்னு எழுதினது!"

"சும்மா எழுதினா அப்படி வருமா? நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா?"

நாவல்காரி ஓடிப்போய் பழைய தாள்களைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். அக்கா நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. படித்து முடித்துப் பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல அவ தனியா உக்காந்து சாப்பிடறா. நீ எழுத உக்காந்துட்டா அதைத்தானே நான் தினமும் பண்றேன்? அதைப் படிக்கவும் வேணுமா?"

நாவல்காரி விடவில்லை. கெஞ்சினாள், திட்டினாள், பெட்டியைப் பிடித்து இழுத்தாள். அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

புத்தகம் நன்றாகப் போனது. முதலாளி தொலைபேசியில் குளிரக் குளிரப் பேசினார். அக்காவுக்குப் போன் செய்தால் அத்தான்தான் எடுத்தார். ஒருநாள் அவள் குளிக்கிறாள், ஒருநாள் தூங்குகிறாள், ஒருநாள் வெளியே போயிருக்கிறாள்.

ஒரு மத்தியானம் அக்காவே கூப்பிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"ஏண்டி, அந்தக் கதையில அவர் வந்து அழுதாரே, மறுநாள் என்ன ஆச்சு?"

"அக்கா, நீ நல்லா இருக்கியா? நான் வரட்டுமா?"

"அதை விடு. மறுநாள் அவ என்ன பண்ணினா? அதை நீ எழுதவே இல்லையே."

நாவல்காரி தன் பழைய முடிவுகளை நினைத்துப் பார்த்தாள். எத்தனையோ நாவல் எழுதியிருந்தாள், ஒன்றில்கூட மறுநாள் வந்ததில்லை. அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "சரிங்க, ராங் நம்பர்" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.