மகனை அனுப்பி வைத்த அனார்கான்

மருமகள் மீரிம் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்கிராமத்திலிருந்து நரின் நகரத்துக்கு வேன் ஏறிப் போன நாளிலிருந்து, அனார்கானின் ஜெபத்தில் ஒரே கோரிக்கைதான் இருந்தது. ஆண்டவரே, அவளைத் திருப்பி அனுப்பும்.

பனி உருகி, மாடுகள் மேய்ச்சலுக்குப் போய், புல் அறுப்பும் முடிந்தது. மீரிம் வரவில்லை. மகன் எர்மெக் பாதி நாள் தூங்கினான், மீதி நாள் குடித்தான். நரினில் மீரிம் ஓர் அறை எடுத்து, குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று ஊரே பேசியது. வீட்டில் இருந்தபோதே அவள் போகக் கேட்டது அந்த வேலைக்குத்தான். கூடாது என்றது அனார்கான்தான். அடுப்பு முதல் அலைபேசி வரை மருமகளின் ஒவ்வொரு அசைவுக்கும் அவளிடம் ஒரு கட்டளை இருந்தது.

கணவன் இறந்தபோது எர்மெக் பால்குடி மறக்காத பிள்ளை. அன்றிலிருந்து அனார்கானுக்கு உலகம் என்றால் அவன்தான். அவன் மனைவியோடு சேர்ந்து சிரித்தால்கூட, தன் தட்டிலிருந்து யாரோ அள்ளித் தின்பதுபோல இருக்கும்.

பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அவளுக்கு இயேசுவைத் தெரியவந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தையல்காரி புருல் வேதத்தைச் சத்தமாக வாசிப்பாள். வலியை மறக்கக் காது கொடுத்தவள், ஊர் திரும்பிய பிறகும் ஞாயிறுதோறும் நரினில் புருலின் தையல் கடையின் பின்னறையில் கூடும் ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தாள். பரம்பரை மார்க்கத்தை விட்டுவிட்டாள் என்று ஊர் முகம் திருப்பிக்கொண்டது. அவள் நிறுத்தவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, பால் கறக்குமுன் தொழுவத்து வைக்கோலில் மண்டியிட்டாள். வழக்கமான கோரிக்கை நாக்கில் வந்து நின்றது. மேலே போகவில்லை. யாருக்காக இதைக் கேட்கிறோம் என்று முதன்முறையாக யோசித்தாள். மீரிமுக்காக இல்லை. எர்மெக்குக்காகவும் இல்லை. வீடு காலியாகிவிடும் என்ற தன் பயத்துக்காக. அது புரிந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. கேட்பதை விட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். வெகுநேரம் இருந்தாள். யாரோ தன்னைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார், தன்னிடம் எதையும் பிடுங்க வரவில்லை, விட்டும் போகமாட்டார் என்று நெஞ்சு நிறைந்தது. பசு பொறுமை இழந்து வாலால் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தாள். அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

அடுத்த நாள் நரினுக்குப் போய் மீரிமின் கதவைத் தட்டினாள். மீரிம் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“கூட்டிட்டுப் போக வந்தீங்களா அத்தை? நான் வரமாட்டேன்.”

“கூப்பிட வரல. உன்னை நான் மனுஷியா நடத்தல. வேலைக்குப் போகாதேன்னது தப்பு. உன் போனை ஒளிச்சு வெச்சது தப்பு. மன்னிச்சுக்கோன்னு சொல்லத்தான் வந்தேன்.”

மீரிம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இது என்ன புது வித்தை?”

“வித்தைன்னு நீ நெனைக்கிறதுக்கு நான்தான் காரணம். எர்மெக்கை இங்க அனுப்பிடறேன். சேத்துக்கறதும் வேண்டாங்கறதும் உன் இஷ்டம். நான் வாயைத் திறக்கமாட்டேன்.”

“குடிகாரன் எனக்கு வேண்டாம்.”

“அதையும் சொல்லியே அனுப்பறேன்.”

மீரிம் உள்ளே கூப்பிடவில்லை. அனார்கான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஊர் திரும்பி அவள் விஷயத்தைச் சொன்னபோது எர்மெக் அசைந்து கொடுக்கவில்லை. “ஒரே பையன் அம்மாவை விட்டுப் போவானா? ஊரு சிரிக்கும். உன்னை யாரு பாத்துப்பா?”

“இப்போ யாரு யாரைப் பாத்துக்கறாங்க? மாட்டுக்குத் தண்ணி வெச்சது நான். உன் சட்டையைத் துவைச்சது நான். நான் உன்னை வளர்க்கலடா, கட்டிப் போட்டிருந்தேன். இப்போ அவுத்து விடறேன், போ. பாட்டிலை விட்டாத்தான் அவ கதவைத் திறப்பா.”

அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அவள் மெத்தையைச் சுருட்டி முற்றத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

சேதி கேட்டு, கணவனின் அண்ணன் ஜுமாபாய் குதிரையில் வந்து இறங்கினார். அனார்கான் தேநீரும் எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கும் வைத்தாள். அவர் தொடவில்லை.

“பெத்த புள்ளையைத் துரத்தச் சொல்லுதா உன் புது சாமி?”

“துரத்தல அத்தான். அவன் பொண்டாட்டிகிட்ட அனுப்பறேன்.”

“அந்தச் சாமியை விட்டுடு. இல்லேன்னா நீ செத்தா நம்ம மயானத்துல இடம் கிடையாது, சொல்லிட்டேன்.”

அது வெறும் மிரட்டல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் ஒருவனை அப்படித்தான் புதைக்க விடவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“செத்ததுக்கு அப்புறம் நடக்கறதை நீங்க பாத்துக்கோங்க. உயிரோட இருக்கறப்போ நடக்கறதை நான் பாத்துக்கறேன். அவரை விடமாட்டேன். டீ ஆறுது, குடிங்க.”

அவர் குடிக்காமலே போனார். முற்றத்தில் மெத்தைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எர்மெக், முதல் பனி விழுமுன் நரினுக்குப் போனான். மீரிம் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. சந்தையில் மூட்டை தூக்கி, நண்பன் வீட்டில் தங்கி, குடியை விட்டான். ஒருமுறை வழுக்கினான், மறுபடி விட்டான். புத்தாண்டுக்குப் பிறகுதான் அவள் கதவு திறந்தது.

அந்தக் குளிர்காலம் அனார்கானுக்கு லேசாகக் கழியவில்லை. சாப்பிட்டாயா, யாரோடு பேசினாய் என்று மகனைக் கேட்க விரல் அலைபேசியைத் தேடும். அப்போதெல்லாம் தொழுவத்துக்குப் போய் மண்டியிடுவாள். சில நாள் அழுகைதான் வந்தது. சில நாள் ஒன்றுமே வரவில்லை. ஆனாலும் போனாள். மெல்ல மெல்ல அந்த நேரத்துக்காகவே காலையில் ஆவலோடு விழிக்கத் தொடங்கினாள். ஊரில் காய்ச்சலில் கிடந்தவர்களுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜுமாபாயின் மனைவிக்கும் கொடுத்தாள். அந்த அம்மாள் பாலை வாங்கிக்கொண்டு, அவள் கையை அழுத்தினாள்.

வசந்தத்தில் மீரிமே அழைத்தாள். காப்பகத்துப் பிள்ளைகள் அடிக்கும் கூத்தைச் சொல்லிச் சிரித்தாள். அனார்கானும் சிரித்தாள். பேச்சு சூடு பிடித்த தைரியத்தில், “ஞாயித்துக்கிழமை புருல் கடைக்கு வரேன். ஜெபம் முடிஞ்சதும் அப்படியே உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போகட்டுமா?” என்று கேட்டாள்.



“இந்த வாரம் வேண்டாம் அத்தை. நாங்க ரெண்டு பேரும் மட்டும் இருக்கலாம்னு நெனச்சோம். அடுத்த வாரம் வாங்க. கோவமா?”

அனார்கான் தன்னையே சோதித்துப் பார்த்தாள். முன்பென்றால் நெஞ்சில் முள் தைத்திருக்கும். பத்து நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பாள். இப்போது ஏமாற்றம் கொஞ்சம் இருந்தது. அவ்வளவுதான்.

“கோவம் இல்லம்மா. நல்லா இருங்க ரெண்டு பேரும். அடுத்த வாரம் வரேன்” என்றாள். அது பொய்யில்லை.

ஞாயிறன்று காலை பாலைக் கறந்து வைத்துவிட்டு, புருல் கடை ஜெபத்துக்காக நரின் போகும் முதல் வேனில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.