உருகிப்போன சாட்சி

சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பம்ப்பக்கா. ராக்கெட்டின் மேல்கட்டத்துக்கான கிரையோஜெனிக் எஞ்சினில் திரவ ஹைட்ரஜனைத் தள்ளும் பம்ப் அவள் செய்தது. பிள்ளை பெறுவதைக்கூடத் தள்ளிப்போட்டுச் செய்தது. எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் மேடைக்குப் பொறுப்பு அவள் புருஷன்.

திரவ ஹைட்ரஜன் பொல்லாத குளிர். குழாயில் துளி ஈரம் இருந்தாலும் கல்லாக உறைந்து பம்ப்பைப் பிடித்துவிடும். அதனால் முதலில் ஹீலியத்தை ஊதி ஊதிக் குழாயைக் காயவைப்பார்கள். மணிக்கணக்கில் ஆகும், பார்ப்பவருக்குக் கொட்டாவிதான் வரும். அன்றைக்கு மேலிடத்து விருந்தாளி ஒருவர் கண்ணாடி அறையில் காத்திருந்தார். மேடையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். போன் வந்தது. புருஷன் கையால் திருகும் ஹீலியம் வால்வைப் பாதியிலேயே மூடினான்.

"இன்னும் காயலைங்க," என்றாள்.

"பெரியவர் கிளம்பணுமாம். உன் பம்ப் தாங்கும், வா."

பம்ப் சுற்ற ஆரம்பித்ததும் கிறீச்சென்று நின்றது.

எஞ்சின் குளிர் விட்டுப் பழைய சூட்டுக்கு வந்த பிறகுதானே திறக்க முடியும்? திறந்தபோது பனிக்கட்டி இருந்த சுவடே இல்லை. மிச்சம் இருந்தது கீறல் விழுந்த பேரிங்கும் அவளுக்கு வந்த கெட்ட பேரும்தான்.

விசாரணையில் அவள் பட்டென்று சொல்லிவிட்டாள், ஹீலியம் பாதியில் நின்றதென்று. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"முழுசா ஊதினோம்," என்றான் அவன், மேசையைப் பார்த்துக்கொண்டு.

தான் செய்த பொருளை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள் என்று குழுவில் ஒருவர் சிரித்தார். அவள் பம்ப்பைக் கிடப்பில் போட்டார்கள். வெளியிலிருந்து வேறு பம்ப்பை விலைக்கு வாங்கலாம் என்று முடிவாயிற்று.

"எனக்கு வேலை போனா குடும்பம் என்னாகும்? உனக்கென்ன, வேற பம்ப் குடுப்பாங்க," என்றான் வீட்டில்.

"வேற புருஷன்கூடக் கிடைப்பான்," என்றாள். அவன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தான்.

வாங்கிய பம்ப் வந்து சேர்ந்தது. சோதனைக்கு அதே விருந்தாளி. அவளைக் கண்ணாடி அறையில் விளக்கம் சொல்ல உட்கார வைத்திருந்தார்கள். ஹீலியம் ஊதிக்கொண்டே இருந்தது. விருந்தாளி நெளிந்தார், போன் போடச் சொன்னார். ஒலிபெருக்கியில் அவள் புருஷனின் குரல் கணீரென்று வந்தது: "மன்னிக்கணும் சார். யார் சொன்னாலும் ஒரு நிமிஷம்கூடக் குறைக்க மாட்டேன்."

எஞ்சின் அழகாக ஓடி முடித்தது. அறையே கைதட்டியது. அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கிட்டீங்களே, கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க," என்றார் விருந்தாளி.

"போன தடவையும் நீங்கதான் சார் வந்திருந்தீங்க," என்றாள் அவள். "அன்னைக்கு இவர் உங்களைக் காக்க வைக்கல."

விருந்தாளிக்கு ஒன்றும் புரியவில்லை, பொதுவாகத் தலையாட்டினார். புரிய வேண்டியவன் கையிலிருந்த துண்டால் காய்ந்துபோன நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.