இலை கொண்டுபோகாத ஞாயிறு

"அப்போ ஒரு புதுப் பாத்திரம் வாங்கிருவோம். டவுணுக்குப் போயி நானே வாங்கிட்டு வாரேன். நல்ல எவர்சில்வர்ல, மூடியோட."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... புதுசுன்னு சொல்லலாம்லா. இதுல கறி, மீன் எதுவும் வச்சதில்லன்னு."

"கறி வச்ச பாத்திரத்துலதான் கொண்டுபோவேன். நல்லாத் தேச்சுக் கழுவி, வெயில்ல காய வச்சு, அதே பாத்திரத்துல."

"செல்வி, பைய பேசு. சன்னல் தொறந்து கெடக்கு."

"கேக்கட்டும். கேக்கணும்னுதான் பேசுதேன்."

சொல்லிவிட்டு அம்மா எழுந்துபோய், மூடியிருந்த இன்னொரு சன்னலையும் திறந்துவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியைப் பார்த்தேன். அதில், எங்கள் நகர்க் குழுவில், அம்மா அரைமணி நேரத்துக்கு முன்பு எழுதிய செய்தி அப்படியே கிடந்தது. பதினெட்டு வீட்டாரும் அதைப் படித்திருந்தார்கள். ஒருவரும் பதில் எழுதவில்லை. யாரோ கும்பிடும் கைகள் இரண்டை மட்டும் போட்டிருந்தார்கள். அது வாழ்த்தா, போதும் என்பதா என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் நகரில் சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டில் கரண்டி விழுகிற சத்தம் கேட்கும். பாளையங்கோட்டையைத் தாண்டி, முன்பு வயலாக இருந்த இடத்தில் பதினெட்டு வீடுகள். மற்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்குமோ தெரியாது. இங்கே அது மாலை ஆறு மணிக்குத்தான் விழிக்கும். ஒவ்வொரு கேட்டாகத் திறக்கும். கார்கள் குளத்தில் இறங்குகிற ஆமைகளைப் போலப் பைய ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவில் இறங்கும். எல்லாம் பைபாஸ் ரோட்டு ஓட்டல்களுக்குத்தான். எட்டரை மணிக்குள் நெய்வாசனையோடு திரும்பி வந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் தெருவே நாய்களுக்கும் மின்விளக்குகளுக்கும் சொந்தம்.

மூன்றாம் ஞாயிறு மட்டும் வேறு மாதிரி. அன்று எல்லா வீட்டாரும் ஒரே பெரிய வேனில் ஏறி ஆற்றங்கரைக்குப் போவோம். ஒருமுறை பாபநாசம், ஒருமுறை மணிமுத்தாறு, போன மாதம் ஏரல். வீட்டுக்கு ஒரு பதார்த்தம். யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று ஐந்தாம் நம்பர் வீட்டுச் சித்ரலேகா அத்தை வியாழக்கிழமையே குழுவில் பட்டியல் போட்டுவிடுவாள். மூன்றாம் நம்பர் புளியோதரை. ஐந்து, சொதியும் இஞ்சித் துவையலும். ஒன்பது, தயிர்சாதம். இப்படியே இறங்கிவந்து பதினான்கு, அதாவது எங்கள் வீடு: இலை.

முதல் மாதம் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். குடிவந்து இருபது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் நம்மையும் சேர்த்துக்கொண்டார்களே என்று. விடிவதற்குள் மார்க்கெட்டுக்குப் போய், சேலை எடுப்பவரைப்போல ஒவ்வொரு இலையாக விரித்துப் பார்த்து, கிழிசல் இல்லாத இளம் இலையாக எடுத்துவந்தார். இரண்டாம் மாதமும் இலை. மூன்றாம் மாதமும் இலை. ஐந்தாம் மாதம் அம்மா சித்ரலேகா அத்தையிடம் கேட்டாள்.

"அக்கா, அடுத்த வாட்டி நானும் எதாவது செஞ்சு கொண்டுவரட்டா?"

"உனக்கு எதுக்குச் சிரமம் செல்வி? ரெண்டு பேரும் வேலைக்குப் போறிய. இலைதான் முக்கியம், கேட்டியா? இலை இல்லாம எப்படிச் சாப்பிட?"

ஒன்பதாம் நம்பர் வீட்டிலும் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள்தான். அந்த வீட்டிலிருந்து மூன்று பதார்த்தம் வரும்.

ஏரலுக்குப் போனபோது அம்மா யாரையும் கேட்காமல் ஒரு டப்பா நிறைய முறுக்கு சுட்டு எடுத்துவந்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "வீட்டுக்குப் போயி எடுத்துக்கிடுதோம்" என்றார்கள். டப்பா ஏரல் ஆற்றைப் பார்த்துவிட்டு, மூடி திறக்காமலே எங்கள் சீட்டுக்கு அடியில் திரும்பி வந்தது. ஒரு வாரம் நான் கல்லூரிக்கு முறுக்குதான் கொண்டுபோனேன். அம்மா அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இந்த மாதம் ஊர் முக்கூடல். பட்டியலில் பதினான்குக்கு நேரே மறுபடியும் இலை. வெள்ளிக்கிழமை மாலை, தபால் ஆபீஸ் வேலைக்குக் கட்டிப்போன சேலையோடே உட்கார்ந்து அம்மா குழுவில் எழுதினாள்: "14ஆம் நம்பர் வீட்டிலிருந்து இந்தத் தடவை உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். இலை எங்களால் கொண்டுவர முடியாது. வேறு யாராவது கொண்டுவரவும். பொன்செல்வி பெருமாள்ராஜ்."

சனிக்கிழமை காலையில் கைலாசம் தாத்தா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பத்திரப்பதிவு ஆபீசில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். நகர் சங்கத்துக்குத் தலைவர். விபூதி மணக்கும் சட்டை. எங்கள் தெருவில் அவர் உட்காராமல் பந்தியில் யாரும் உட்கார மாட்டார்கள்.

"ஏம்வே பெருமாள்ராஜ், குரூப்புல என்னவோ பாத்தேன்."

"ஆமா அண்ணாச்சி." அப்பா செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"வேற ஒண்ணுமில்லவே. இத்தனை வீட்டுச் சோறு இருக்கும்போது இன்னொரு சோறு மிஞ்சிப்போயிரும்லா? நம்ம ஆளுக நாக்கும் ஒரே மாதிரி பழகிட்டுது. அதுக்குத்தான் சொல்லுதேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீரும்."

அம்மா காப்பியோடு வந்தாள். அவர் டம்ளரை வாங்கி மதில்மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, போன ஞாயித்துக்கிழமை உங்கள பைபாஸ் ஓட்டல்ல பாத்தேன். நெய்ரோஸ்ட் சாப்பிட்டுட்டு இருந்திய."

"ஆமாம்மா. நல்லா முறுகலா இருந்துது."

"அங்கன அடுப்படியில தோசை போடுதது எங்க சித்தி மவன். நீங்க சாப்பிட்டது அவன் சுட்டதுதான்."

கைலாசம் தாத்தா சிரித்தார். சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் வேலையில்லாமல் நின்றது.

"ஓட்டல் வேற, வீடு வேறம்மா."

"எப்படி வேற அண்ணாச்சி?"

அவர் அப்பா பக்கம் திரும்பினார். "சரிவே, இலையை மறந்துராதீரும்."

"இலை நாங்க கொண்டுவரல அண்ணாச்சி," என்றாள் அம்மா. "எழுதியிருக்கேன்லா?"

"சரிம்மா, சரிம்மா." மிட்டாய் வேண்டாம் என்று கோபித்துக்கொள்கிற குழந்தைக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டிவிட்டுப் போனார். காப்பி மதில்மேலேயே ஆடை கட்டிக் கிடந்தது. அம்மா அதை எடுத்து, அவர் தெருமுனை திரும்புவதற்குள் செம்பருத்திக்கு ஊற்றினாள்.

ஞாயிறு காலை நான் எழும்போது வீடெல்லாம் வறுத்த எள்ளின் மணம். தொலி உளுந்தைப் பொன்னிறமாக வறுத்து, அரிசியோடு சேர்த்து, முழுப்பூண்டும் வெந்தயமும் தேங்காய்த்துருவலும் போட்டு அம்மா வேகவைத்திருந்தாள். அந்தச் சருவப் பாத்திரம் அவள் கல்யாணத்துக்கு வந்தது. அடியில் பொ.செ. என்று வெட்டியிருக்கும். கிறிஸ்துமஸ் அன்று அம்மாவின் ஆபீஸ் சிநேகிதி ஷம்ஸியா அத்தை வந்தபோதும், என் பிறந்தநாளுக்கும், எல்லா ஞாயிறும் கறி கொதித்த சருவம். வாசலில் வெயில் விழுந்ததும் அது கழுவின நிலா மாதிரி பளபளத்தது. நேற்று அப்பாவே அதைப் புளிபோட்டுத் தேய்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"மார்க்கெட்டுக்குப் போகலயாப்பா?" என்றேன்.

"போகல," என்றார். பிறகு மணி பார்த்தார். இன்னும் போகலாம் என்கிற நேரம்தான். உட்கார்ந்தே இருந்தார்.

வேனில் அம்மா சருவத்தை மடியிலேயே வைத்துக்கொண்டாள். சூடு தாங்க அடியில் துண்டு மடித்திருந்தாள். எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். பக்கத்து வீட்டுச் சுந்தர் மாமா வழக்கம்போல வரிகளை மாற்றிப் பாடி எல்லோரையும் சிரிக்கவைத்தார். சருவத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அத்தனைபேரும் அதைப் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தார்கள்.

முக்கூடல் அப்பா பிறந்து வளர்ந்த ஊர். எங்கள் தாத்தா அங்கே பிறர் வயலில் நாற்று சுமந்தவர். அது வேனில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றங்கரையில் இறங்கியதும் முதல் கேள்வியே அப்பாவிடம்தான் வந்தது.

"எங்கன எறங்கலாம்வே? உமக்குத்தான் தெரியும்," என்றார் கைலாசம் தாத்தா.

"அந்தப் பாறைக்கு அங்கிட்டு சுழி இருக்கு அண்ணாச்சி, போகப்பிடாது. இங்கன இடுப்பளவுதான். அடியில மணலு."

அவர் காட்டிய இடத்தில் ஒட்டுமொத்த நகரும் இறங்கியது. சித்ரலேகா அத்தை தன் மகள் விஜயஸ்ரீயின் கையை அப்பாவின் கையில் கொடுத்து, "அண்ணே, பிடிச்சுக்கிடுங்க, இவளுக்கு நீச்சல் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கரையில் நிம்மதியாக உட்கார்ந்தாள். தாமிரபரணி எல்லோர் இடுப்பையும் ஒரே மாதிரி தொட்டுக்கொண்டு போனது. அம்மா மட்டும் தண்ணீரில் இறங்கவில்லை. மருதமரத்து நிழலில் சருவத்தின் பக்கத்தில் காவல் மாதிரி இருந்தாள்.

ஒரு மணிக்குப் பசி வந்தது. ஜமுக்காளம் விரித்தார்கள். தூக்குகள் திறந்தன. சொதியில் தேங்காய்ப்பால் மணத்தது. சித்ரலேகா அத்தை பின்னால் பார்க்காமலே கையை நீட்டினாள்.

"செல்வி, இலையை எடு."

"கொண்டுவரலக்கா."

"வெளையாடாத. புள்ளைக பசியில நிக்குது."

"எழுதியிருந்தேன்லா? வேற யாராவது கொண்டுவாங்கன்னு."

அப்போதுதான் ஒவ்வொருவராகத் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினேழு வீடு. எல்லோரும் படித்திருந்தார்கள். என்னதான் எழுதினாலும் பதினான்காம் நம்பர் வீடு இலையோடுதான் வரும் என்று பதினேழு வீடும் தனித்தனியாக நம்பியிருந்தது. சுந்தர் மாமா சிரிக்கப்பார்த்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். தூக்குமூடிகளில் சாப்பிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஐம்பது பேருக்கு ஒன்பது மூடி.

"என்ன செல்வி இது?" என்றாள் சித்ரலேகா அத்தை. "உங்கிட்ட கேட்டது ஒரே ஒரு காரியம்."

"அதாங்க்கா. ஏழு மாசமா அதே ஒரு காரியம்தான் கேக்குதிய."

கைலாசம் தாத்தா அப்பாவிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "பெருமாள்ராஜ், உம்ம ஊருலா? பக்கத்துல வாழைத்தோட்டம் இருக்கே. தெரிஞ்சவங்க இருப்பாங்க. ஒரு நடை போயிட்டு வாரும்வே."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆற்றைப் பார்த்தாள். ஈரவேட்டியோடு அப்பா மேட்டில் ஏறிப்போனார். அவர் முதுகு வாழைகளுக்குள் மறைந்ததும் அம்மாவின் முகத்தில் ஏதோ அணைந்தது. கரையில் எல்லோர் முகமும் தெளிந்தது. மறுபடி பேச்சு கிளம்பியது. எனக்கு அந்த நிமிடம் அப்பாவைப் பிடிக்கவில்லை.

கால்மணி நேரத்தில் திரும்பிவந்தார். அவரோடு படித்த மாடக்கண்ணு மாமாவின் தோட்டமாம். தோளில் பெரிய கட்டு. வாழைப்பால் வெள்ளைச் சட்டையில் வடிந்து கறையாகிக்கொண்டிருந்தது. சித்ரலேகா அத்தை இரு கையையும் நீட்டி, "இங்க கொடுங்கண்ணே, நல்ல காரியம் பண்ணுனிய" என்றாள்.

அப்பா அவளைத் தாண்டி நடந்தார். மருதமரத்துக்கு வந்து, இலைக்கட்டைச் சருவத்துக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். வீட்டிலேகூட அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இலை எங்க வீட்டுது. சோறும் எங்க வீட்டுது. மொதல்ல இந்தச் சோறு விழும். அப்புறம் உங்க சொதி, புளியோதரை எல்லாம் விழட்டும். சம்மதம்னா உக்காருங்க."

"என்னவே பெருமாள்ராஜ்..."

"இங்கன எறங்குங்கன்னேன், எறங்குனிய. இங்கன சாப்பிடுங்கன்னா மட்டும் என்ன அண்ணாச்சி?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தாள். நானும் அப்பாவும் இலைகளை வரிசையாகப் போட்டோம். நுனி இடப்பக்கம் வருமாறு, ஒன்றுக்கொன்று முட்டாமல். ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஒரு டம்ளர் ஆற்றுத்தண்ணீர். ஜமுக்காளத்தின் ஓரத்தில் ஐம்பது பேர் நின்றார்கள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, விஜயஸ்ரீ "அம்மா, பசிக்கி" என்றாள். அவள் அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு கைலாசம் தாத்தாவைப் பார்த்தாள். எல்லோருமே அவரைத்தான் பார்த்தார்கள்.

அவர் கொஞ்ச நேரம் வேனைப் பார்த்தார். பிறகு முழங்காலில் கையூன்றி, முதல் இலைக்கு முன்னால் பைய உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர, இலைக்கு முன் நின்றுகொண்டிருப்பவரைப் போலத்தான் இருந்தார். இரு கையும் மடியில் கிடந்தன.

அம்மா சருவத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் முன் வந்து குனிந்தாள். கரண்டியில் உளுந்தஞ்சோறு ஆவி பறந்தது. சாப்பிடுகிறவர் தன் கையால் தண்ணீர் தெளித்துத் துடைக்காத இலையில் எங்கள் பக்கம் யாரும் சோறு வைப்பதில்லை. வைத்தால் அது திணிப்பது. அம்மா திணிக்க வரவில்லை. கரண்டியை இலைக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தாள்.  

"அண்ணாச்சி," என்றாள். "இலையில தண்ணி தெளிச்சுக்கிடுங்க."